இன்னொரு வாட்டி பார்க்கிறவர்

பள்ளிக்கூடப் பிள்ளைகளை இறக்கிவிட்டதும் ரெஜினாவின் அப்பா வேனுக்குள் ஏறி, கடைசி சீட் வரை குனிந்து பார்த்துக்கொண்டே போவார். யாரும் தூங்கிப்போய்க் கிடக்கவில்லை, எந்தப் பையும் சீட்டுக்கு அடியில் விழுந்திருக்கவில்லை என்று தெரிந்ததும் இறங்கிக் கதவைச் சாத்துவார். கொஞ்ச தூரம் நடப்பார். பிறகு திரும்பி வந்து, சாத்திய கதவைத் திறந்து, மறுபடியும் ஏறிப் பார்ப்பார். பெங்களூர் ஆஸ்டின் டவுனில் எங்கள் தெருமுனையில்தான் வேனை நிறுத்துவார் என்பதால் இதைப் பார்த்துக்கொண்டேதான் நான் வளர்ந்தேன்.

எதையும் ஒரே தடவை பார்த்துவிட்டு விடுகிற ஆள் இல்லை. முட்டைக் கடையில் ஒவ்வொரு முட்டையாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக் கூடையில் வைப்பார். எல்லாம் வைத்து முடித்த பிறகு, கூடையிலிருந்து எடுத்து மறுபடியும் பிடித்துப் பார்ப்பார். அந்தக் கோழிகூட இவ்வளவு பார்த்திருக்காது என்பார் கடைக்கார பாய். சிவாஜிநகர் என்று போர்டு போட்ட பஸ்ஸில் ஏறி, சிவாஜிநகர் போகுமா என்று கண்டக்டரிடம் கேட்பார். டிக்கெட் வாங்கி உட்கார்ந்தபின் பக்கத்து சீட்காரரிடமும் கேட்பார்.

எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் கிடையாது. ஆனால் சின்ன வயதில் ரெஜினா வீட்டு நட்சத்திரத்தைப் பார்த்து நான் அழுதேன் என்பதற்காக, அன்றிலிருந்து ஒவ்வொரு டிசம்பரிலும் எங்கள் வாசலிலும் ஒன்று கட்டிவிட்டுப் போவார். கட்டியதும் ஏணியிலிருந்து இறங்கி, ரோட்டைத் தாண்டிப் போய் எதிர்ப்பக்கம் நின்று பார்ப்பார். திரும்பி வந்து ஏறி, ஒரு விரற்கடை நகர்த்துவார். மறுபடியும் ரோட்டைத் தாண்டுவார். ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ரெஜினாவுக்குக் கை வலித்துவிடும். "டாடி, ஸ்டார் எங்கயும் ஓடிப்போவாது. எறங்கு போதும்" என்பாள்.

ஏன் அங்கிள் எல்லாத்தையும் ரெண்டு தடவை பார்க்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். அவர் யோசித்துத்தான் பதில் சொன்னார். "மொத வாட்டி, நாம எத பாக்கணும்னு ஆசப்படுறமோ அதத்தான் கண்ணு பாக்கும் பாப்பா. ரெண்டாவது வாட்டிதான் இருக்கிறத பாக்கும்."

நானும் ரெஜினாவும் ஒரே காலேஜில் பி.காம். சேர்ந்தோம். முதல் செமஸ்டர் ரிசல்ட்டில் அவள் எல்லாப் பாடத்திலும் நல்ல மார்க்கோடு பாஸ். மறுநாள் காலை அவர் காலேஜ் ஆபீஸுக்குப் போய் நின்றுவிட்டார். ஆபீஸில் இருந்த மேடம் கம்ப்யூட்டரில் பார்த்து, பாஸ்தான், சந்தோஷமாகப் போய் வாருங்கள் என்று சொல்லியிருக்கிறார். இவர் நகரவில்லை. "இன்னொந்து சல நோடி மேடம்" என்று கன்னடத்தில் கேட்டிருக்கிறார். இன்னொரு தடவை பாருங்கள் என்று. ஃபெயிலான பிள்ளைகளின் அப்பாக்கள் வந்து அப்படிக் கேட்டுத்தான் அந்த ஆபீஸுக்குப் பழக்கம். பாஸான பெண்ணுக்கு ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவையாம். அன்றிலிருந்து எங்கள் காலேஜில் அவருக்கு 'இன்னொந்து சல' என்றே பெயர். ரெஜினா வகுப்புக்குள் நுழைந்தால் பின் பெஞ்சுப் பையன்கள் அதையே ராகம் போட்டுச் சொல்வார்கள். அவர்கள் எதிரில் அவளும் சேர்ந்து சிரிப்பாள். வீட்டுக்குப் போனதும் அவரோடு சண்டை. இனிமேல் என் விஷயத்தில் யாரிடமும் எதையும் மறுபடி கேட்கக் கூடாது என்று கத்துவாள். அவர் தலையை ஆட்டுவார். அடுத்த செமஸ்டருக்கும் போய் நிற்பார்.

ஆனாலும் பரீட்சைக்கு முந்தின சாயங்காலம் ஹால் டிக்கெட்டை அவளே எடுத்துக்கொண்டுபோய் அவர் கையில் கொடுப்பாள். "இந்தா, நல்லா பாத்துக்கோ. அப்பறம் காலைல வந்து கேக்காத" என்பாள். அவர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, வேதாகமம் வாசிப்பதுபோல் அதை வாசிப்பார்.

கடைசி செமஸ்டர் பரீட்சை மழைக்காலத்தில் வந்தது. எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் காய்ச்சலில் படுத்திருந்தார்கள். ரெஜினாவுக்கும் வந்தது. ரத்தம் எடுத்துப் பார்த்ததில் ஒன்றுமில்லை, சாதாரணக் காய்ச்சல்தான் என்று வந்துவிட்டது. மாத்திரை போட்டுக்கொண்டே ஒரு பேப்பர் எழுதினாள். மிச்சமிருந்தது இன்கம் டாக்ஸ் ஒன்றுதான். அதற்கு முந்தின நாள் சாயங்காலம் காய்ச்சல் விட்டுவிட்டது. இருந்தாலும் அவர் அவளைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

அங்கே நடந்ததைப் பிற்பாடு அவர் வாயால்தான் கேட்டேன். காய்ச்சல் இல்லை, நல்லதுதான். ஆனாலும் காலையில் வந்து ரத்தத்தை இன்னொரு தடவை பார்த்துவிடுங்கள் என்று டாக்டரே சொல்லியிருக்கிறார். காலையில் பரீட்சை. முடித்துவிட்டு மதியம் வருகிறோம் என்று ரெஜினா முந்திக்கொண்டு சொல்லிவிட்டாள். இவர் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது அவள் மேஜைக்குக் கீழே இவர் கையைப் பிடித்து அழுத்தினாளாம். "டாடி, இந்த ஒரு வாட்டி சும்மா இரு." அவர் சும்மா இருந்தார்.

காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, அதே வேனில் எங்கள் இருவரையும் காலேஜில் கொண்டுவந்து விட்டார். ரெஜினா முன் சீட்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வெளுத்திருந்தாள், ஆனால் பேசிக்கொண்டுதான் வந்தாள். பரீட்சை முடிந்ததும் வெளியே வந்து, வயிறு வலிக்கிறது என்றாள். மதியம் ரத்தம் எடுத்தபோது, கையோடு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். டெங்கு. காய்ச்சல் விட்ட பிறகுதான் அது ஆபத்து என்று அங்கே சொன்னார்கள். வெள்ளிக்கிழமை பரீட்சை எழுதியவளைத் திங்கட்கிழமை அடக்கம் செய்தோம்.

எங்கள் ரிசல்ட் வர வெகு நாளாயிற்று. எலக்ட்ரானிக் சிட்டியில் ஒரு ஆபீஸில் எனக்கு வேலை சொல்லியிருந்தார்கள். கடைசி செமஸ்டர் மார்க்கைக் காட்டினால்தான் சேர முடியும். நான் போனும் கையுமாக வீட்டில் கிடந்தேன். அப்போதுதான் அவர் எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தார். சாயங்கால டிரிப் முடிந்ததும் வருவார். வாசல்படிக்கு வெளியே நின்று, "வந்துச்சா பாப்பா?" என்பார். இன்னும் இல்லை அங்கிள் என்பேன். அம்மா அவரை உள்ளே கூப்பிட்டு டீ கொடுப்பாள்.

டீயைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பரீட்சையைப் பற்றிக் கேட்பார். நானும் அதே ஹாலில்தான் எழுதினேன், ரெஜினா எனக்கு முன்னால் பக்கத்து வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவள் தண்ணீர் குடித்தாளா, ஃபேன் அவளுக்கு மேலே இருந்ததா, கேள்வி கஷ்டமா என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். நடுவில் கொஞ்ச நேரம் தலையை டெஸ்க்கில் வைத்துப் படுத்திருந்தாள், சூப்பர்வைசர் வந்து கேட்டதும் எழுந்து மறுபடி எழுதினாள் என்று சொன்னேன். மறுநாள் வந்து அதையே மறுபடி கேட்பார். நான் முதலில் சொன்னதற்கும் பிறகு சொன்னதற்கும் ஒரு சொல் மாறினால்கூடப் பிடித்துக்கொள்வார். அந்த மூன்று மணி நேரம் மட்டும்தான் அவர் கண்ணில் படாமல் போனது. அதற்குப் பிறகு, முடிகிற வரை, அவர் அவளை விட்டு நகரவே இல்லை.

ரிசல்ட் ஒரு மத்தியானம் வந்தது. என்னுடையதைப் பார்த்தேன், பாஸ். அம்மா என்னைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேருக்கும் சத்தமாகச் சந்தோஷப்பட வாய் வரவில்லை. அவருக்குப் போன் செய்தேன். வேனை ரோட்டில் எப்படியோ நிறுத்திவிட்டு ஓடி வந்தார். முதலில் என்னுடையதைக் கேட்டார். என் தலையில் கைவைத்து, நல்லா இரு என்றார். பிறகு ரெஜினாவின் நம்பரை மனப்பாடமாகச் சொன்னார்.

எல்லாப் பாடத்துக்கும் நேராக பாஸ் என்றிருந்தது. மார்க்கெல்லாம் அறுபதுக்கு ஐம்பதுக்கு மேல். இன்கம் டாக்ஸுக்கு நேராக மட்டும் மார்க் இல்லை. ஆப்சென்ட் என்றிருந்தது.

"இன்னொரு வாட்டி பாரு பாப்பா."

மறுபடி நம்பரை அடித்தேன். அதேதான் வந்தது.

அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். குரலை உயர்த்தவில்லை. "நாந்தான பாப்பா கூட்டிட்டுப் போனேன். கேட்டுக்குள்ள போற வரைக்கும் பாத்துட்டுத்தான வந்தேன்" என்றார். ஆமாம் அங்கிள், நானும் கூட இருந்தேன் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "ஆப்சென்ட் ஆயிருந்தா எம்பொண்ணு இன்னைக்கு இருந்திருப்பாளே" என்றார். அம்மா உள்ளே போய்விட்டாள்.

மறுநாளே காலேஜுக்குப் போனோம். ஆபீஸில் இருந்தது அதே மேடம். அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். ஹாலின் வருகைப் பதிவைத் தேடி எடுத்துப் பார்த்தார். ரெஜினாவின் கையெழுத்து இருந்தது. தப்பு இங்கே நடக்கவில்லை, யுனிவர்சிட்டியில் எங்கேயோ பேப்பர் மாறியிருக்கிறது என்றார். பிறகு, இவ்வளவுக்கு அப்புறம் இதைச் சரிசெய்து என்ன சார் ஆகப்போகிறது, வீணாக அலைவீர்கள் என்று மெதுவாகச் சொன்னார். ரெஜினா அப்பா கோபப்படவில்லை. ஒரு கடிதம் மட்டும் கொடுங்கள் மேடம், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வாங்கிக்கொண்டார்.

யுனிவர்சிட்டி ஆபீஸுக்கு முதல் தடவை நானும் போனேன். கவுன்டரில் இருந்தவர் கடிதத்தைப் படித்துவிட்டு, மாணவி ஏன் வரவில்லை என்று கேட்டார். "அவ ஊர்ல இல்ல சார்" என்று கன்னடத்தில் பட்டென்று சொல்லிவிட்டார் ரெஜினா அப்பா. வெளியே வந்து பார்த்தபோது என் முகத்தில் என்ன தெரிந்ததோ, அவராகவே சொன்னார். "செத்துப்போன புள்ளையோட பேப்பருன்னு தெரிஞ்சா, ஃபைல அடியில போட்ருவாங்க பாப்பா. உசுரோட இருக்கிறவங்களுக்கே இவ்ளோ லேட்டு."

அதற்கப்புறம் நான் வேலையில் சேர்கிற ஏற்பாடு நடந்தது. ஒரு பேப்பர் ஆப்சென்ட் என்பதால் ரெஜினாவின் பெயருக்கு, திரும்பப் பரீட்சை எழுதப் பணம் கட்டச் சொல்லி காலேஜிலிருந்து மெசேஜ் வந்தது. கம்ப்யூட்டர் அனுப்புவது, யாரையும் குற்றம் சொல்ல முடியாது. அதையும் அவர் என்னிடம் காட்டினார்.

அந்தச் சமயத்தில் ஒருநாள் ரெஜினாவின் அம்மா என்னைக் கூப்பிட்டனுப்பினார். ஆன்ட்டி அதிகம் பேசாதவர். மகள் போன பிறகு சுத்தமாகப் பேச்சு நின்றுவிட்டது. தெருவில் பார்த்தால்கூட முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போய்விடுவார். என்னை உட்காரவைத்து, அங்கிளிடம் இதை விட்டுவிடச் சொல் என்றார். நான் காரணம் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.

"ஒரு எடத்துலயாவது, அவ அன்னைக்கு எங்கயும் போவல, வீட்லயே இருந்தான்னு இருக்கட்டுமே திவ்யா."

அதை அப்படியே கொண்டுபோய் அவரிடம் சொன்னேன். தெருமுனையில் வேன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்துக்கொண்டே கேட்டார். துணியைப் பிழிந்து உதறிப் போட்டார். "அவளுக்கு அப்படி இருந்தா மனசு ஆறும். எனக்குத் தெரியுது" என்றார். "ஆனா அது பொய்யாச்சே பாப்பா. ஒடம்பு முடியாம போயி, தலைய கீழ வெச்சிட்டு, திரும்ப எழுந்து எழுதியிருக்கா. அத இல்லன்னு எழுத வுடலாமா? நான் கூட்டிட்டுப் போனதும் நெஜம். அதயும் யாரும் அழிக்க வேணாம்."

மழைக்காலம் போய்ப் பனி வந்தது. காலை டிரிப்புக்கும் மதிய டிரிப்புக்கும் இடையில் கிடைக்கிற நேரத்தில் அவர் அந்த ஆபீஸுக்குப் போய் உட்கார்ந்திருப்பார். அந்த டிசம்பரில் அவர் வீட்டில் நட்சத்திரம் கட்டவில்லை. எங்கள் வாசலில் மட்டும் வந்து கட்டிவிட்டுப் போனார். வேண்டாம் அங்கிள் என்று அம்மா தடுத்தும் கேட்கவில்லை. ஏணியை நான் பிடித்துக்கொண்டேன்.

பொங்கலுக்குப் பிறகு ஒரு சனிக்கிழமை, மார்க் வந்துவிட்டதாகச் சொல்கிறார்கள், நீயும் வருகிறாயா என்று கேட்டார். போனோம். கவுன்டர்காரர் இப்போது அவருக்கு நன்றாகப் பழகிப்போயிருந்தார். தூரத்திலேயே பார்த்துவிட்டு, வாங்க சார், உங்கள் தொல்லை தாங்காமல் விடைத்தாளைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று சிரித்தார். வேறொரு கட்டோடு கட்டாகக் கிடந்ததாம். பாஸ் ஆகியிருக்கிறாள், மகளுக்கு ஸ்வீட் வாங்கிக்கொண்டு போங்கள் என்றார். தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, மற்றதில் எல்லாம் நன்றாக வாங்கியிருக்கிறாள், இதில் மட்டும் அறுபதுக்கு இருபத்திரண்டு. வேண்டுமானால் மறுமதிப்பீடு போடலாம், ஏறலாம் என்று அவராகவே யோசனை சொன்னார்.

பாஸுக்கு இருபத்தொன்று வேண்டும்.

ரெஜினா அப்பா அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். வேண்டாம் என்று தலையை அசைத்தார்.

கவுன்டர்காரர் ஒரு பெரிய பதிவேட்டை எடுத்து வைத்து, மார்க்ஸ் கார்டு வாங்க மகளே வந்து கையெழுத்துப் போட வேண்டும், ஊரிலிருந்து வந்ததும் அனுப்பிவையுங்கள் என்றார். அப்போதுதான் ரெஜினா அப்பா சொன்னார். கன்னடத்தில், குரல் உடையாமல், மகள் இல்லை, அந்தப் பரீட்சை எழுதிய வாரமே போய்விட்டாள் என்று சொன்னார். இத்தனை மாதமாக அவளைப் பற்றி இந்த மனிதரிடம் என்னென்ன சொல்லியிருந்தாரோ தெரியாது. கவுன்டர்காரர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். பிறகு பதிவேட்டை அவர் பக்கமாகத் திருப்பி, பேனாவைத் திறந்து கொடுத்தார்.

வேனில் திரும்பி வந்தோம். தெருமுனையில் வேனை நிறுத்தியதும், கூட வா பாப்பா என்றார். ஆன்ட்டியிடம் தனியாகப் போய் நிற்க அவருக்குத் தைரியமில்லை என்று புரிந்தது.

ஆன்ட்டி தரையில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். திட்டுவார் என்று நினைத்தேன். முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு, "எவ்ளோ?" என்று கேட்டார்.

அவர் சொன்னார்.

ஆன்ட்டி அந்த எண்ணை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். அக்கவுண்ட்ஸ் சம்பந்தப்பட்ட எந்தப் பேப்பரிலும் ரெஜினா அவ்வளவு குறைவாக வாங்கியதே இல்லை. அது அங்கே இருந்த எங்கள் மூன்று பேருக்குமே தெரியும்.

"அவ்ளோ முடியாம இருந்திருக்கா" என்றார் ஆன்ட்டி.

அவர் சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்துவிட்டார். அடக்கத்தன்று நான் பார்க்காத அழுகை அது. வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு அழுதார். நான்தான் கூட்டிக்கொண்டு போனேன், நான்தான் கூட்டிக்கொண்டு போனேன் என்பதைத் தவிர வேறு எதுவும் அவர் வாயிலிருந்து வரவில்லை. யாரும் அவரைக் குற்றம் சொன்னதில்லை. இத்தனை மாதமும் ஒருவரும் சொல்லாததை அவரே சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆன்ட்டி எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். புடவையில் ஒட்டியிருந்த அவரைக்காய் நாரைக் கிள்ளிப் போட்டார். பிறகு என்னைப் பார்க்காமல், அவரையும் பார்க்காமல் சொன்னார்.

"காலைல நெத்திய தொட்டுப் பாத்துட்டு, சூடு இல்ல, போய் எழுதிட்டு வான்னு சொன்னது நாந்தான. நாந்தான தலையும் பின்னி வுட்டேன்."

அவர் துண்டை விலக்கி ஆன்ட்டியைப் பார்த்தார். இவ்வளவு நாளும் ஒரே வீட்டில் இருந்து, ஒரே பானையில் சாப்பிட்டு, இருவரும் அதைத் தனித்தனியாகச் சுமந்திருக்கிறார்கள். ஆன்ட்டி கையை நீட்டி மார்க்ஸ் கார்டை வாங்கி, மடியில் விரித்து வைத்துக்கொண்டார். முதலில் இருந்த பாடத்திலிருந்து ஒவ்வொன்றாக விரலை வைத்து, இது எவ்வளவு, இது எவ்வளவு என்று கேட்க ஆரம்பித்தார். அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஒவ்வொன்றையும் வாசித்துச் சொன்னார். நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தேன்.